ஆறாவது கேள்வி

மார்ச் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, போக்குவரத்துக் கழக மருத்துவப் பிரிவின் முதல் மாடியில், நான்காம் எண் அறையில், நடத்துநர் ஒருவர் தம்மிடம் கேட்கப்பட்ட ஐந்து கணக்குகளில் ஒன்றுக்குச் சரியான விடை சொன்னார்.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரே தடத்தில்தான் போய் வந்துகொண்டிருந்தார். அதற்கு முந்தைய ஆகஸ்ட் மாதத்தில், குறுக்கே வந்த சைக்கிளுக்காக ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். பயணிகள் எல்லோரும் எதையாவது பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடத்துநரின் ஒரு கையில் டிக்கெட் இருந்தது, மறு கையில் சில்லறை இருந்தது. பின்கதவின் இரும்புக் கம்பியில் தலை போய் மோதியது. கீழே விழுந்து கிடந்தபோதும் கையை இறுக மூடி வைத்திருந்தார், ஒரு காசுகூடச் சிதறவில்லை என்று ஓட்டுநர் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏதோ விருது வாங்கிக் கொடுத்ததுபோலச் சொன்னார்.

நடை இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. பேச்சும் வந்தது, அதோடு கிண்டலும் வந்தது. எண்கள் மட்டும் வரவில்லை. எட்டு என்று சொல்ல நினைத்தால் வாயில் ஞாயிற்றுக்கிழமை என்று வரும். மணி என்ன என்று கேட்டால் கடிகாரத்தைச் சரியாகப் பார்த்துவிட்டு வீட்டு எண்ணைச் சொல்வார். பிறகு எண்களும் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கின. ஆனால் அதற்குள் அவர் மனைவி எதிர்பார்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

தலையில் அடிபட்ட நடத்துநர் மறுபடி பையை மாட்ட வேண்டுமானால் மருத்துவப் பிரிவு தகுதிச் சான்று தர வேண்டும். தராவிட்டால் பணியிலிருந்து விடுவிப்பார்கள். விடுவித்தால் மூன்று மாதத்துக்குள் ஊழியர் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். இரண்டாம் மாடியில் இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும் கொண்ட வீடு அது. வாசல் கதவில் ஒரு தகரத் தகடு. அதில் நடத்துநரின் பெயரும் பணி எண்ணும் நீல எழுத்தில் இருந்தன. கல்யாணமான மறுவருடம் அந்த வீட்டுக்குள் வந்தவள் அவர் மனைவி. பிள்ளை இல்லை. சன்னல் ஓரமாக ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. வேலை முடிந்து வந்ததும் நடத்துநர் அதில்தான் உட்காருவார். வேறு யாரும் அதில் உட்காருவதில்லை. அப்படி யாரும் சட்டம் போட்டதில்லை, உட்காருவதில்லை, அவ்வளவுதான்.

அதே வீட்டின் முன்னறையில் அவளுடைய தம்பி படுத்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயது, குள்ளமான உருவம். பணிமனையில் பஸ் கழுவும் தற்காலிக வேலை. நடத்துநர் அவனுக்கு வைத்த பெயர் அரை டிக்கெட். உயரத்துக்காக மட்டும் வைத்ததல்ல. "சாப்பிடறது முழுசு, கொடுக்கறது பாதி" என்று விளக்கமும் சொல்வார். அந்தப் பாதியும் எப்போதாவதுதான் வரும்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் அவன் அவசரமாகப் படியேறி வந்தான்.

"அக்கா, கதவைச் சாத்து."

"என்னடா, எதையாவது தூக்கிட்டு வந்துட்டியா?"

"தூக்கலை. கேட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். மாமாவுக்கு வெக்கற டெஸ்ட்ல மொத்தம் அஞ்சே கேள்விதான். அந்த டாக்டர் பதினோரு வருஷமா அதையேதான் கேக்கறாராம். அதே வரிசையில. வாசல்ல நிக்கற பியூனுக்கு மனப்பாடம். பாட்டு மாதிரி சொல்றார்."

நாற்காலியிலிருந்து நடத்துநர் சொன்னார்: "இத்தனை வருஷமா ஒருத்தர் அதே கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருக்கார்னா, டெஸ்ட் பண்ண வேண்டியது அவரைத்தான்."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மனைவி. "நீ சொல்லுடா."

அவன் சொன்னான். டாக்டரிடம் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் பன்னிரண்டு நாணயங்கள். முதல் கேள்வி: இதில் கால்வாசி எத்தனை? மூன்று. இரண்டாவது: மூன்று ஐந்துகளையும் நான்கு இரண்டுகளையும் எடுத்து வைத்து, மொத்தம் எவ்வளவு? இருபத்து மூன்று. மூன்றாவது: முழு டிக்கெட் பதினாலு என்றால் ஒரு முழுவுக்கும் ஓர் அரைக்கும் எவ்வளவு? இருபத்தொன்று. நான்காவதுக்கு ஒரு தாளை நான்காகக் கிழித்து ஒரு துண்டை எடுத்துவிடுவார்: மீதி எவ்வளவு? முக்கால். ஐந்தாவது: அரையில் பாதி? கால்.

"இவ்வளவுதானா?" என்றாள் அவள். "இது பச்சைப் பிள்ளைகளுக்கு வெக்கற கணக்கு."

"அதான் கேக்கறாங்க அக்கா. இதுகூடத் தெரியலைன்னா வீட்டுக்குப் போன்னு அர்த்தம்."

"பாத்துடா" என்றார் நடத்துநர். "நான் பாஸாயிட்டா நஷ்டம் உனக்குத்தான். அடிபட்டவனை வெளியே அனுப்பினா, அதே வீட்டுல இருக்கற ஒருத்தனுக்கு வேலை கொடுக்கணும்னு விதி இருக்கு. உங்க அக்காவுக்கு வயசு தாண்டிருச்சு. நீதான் இருக்கே, குளிச்சுத் தலைசீவித் தயாரா."

தம்பியின் முகம் சுருங்கியது. "மாமா, அப்படிப் பேசாதீங்க. நான் அந்தப் பியூன் பின்னாடி ஒரு வாரம் நாய் மாதிரி அலைஞ்சிருக்கேன்."

"சும்மா சொன்னேன்டா. உனக்கு என் பையை மாட்டிவிட்டா, பை தானா நடந்து போற மாதிரி இருக்கும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவன் சொன்னது உண்மை. அலைந்தான். கொண்டுவந்த கேள்விகளும் உண்மையானவை, வரிசையும் உண்மையானது. இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிற்பாடு குடியிருப்பில் சிலர் வேறு விதமாகப் பேசினார்கள்.

அன்று சாயங்காலமே பயிற்சி ஆரம்பமானது. முதலில் கேள்வியைச் சொல்லி விடையைக் கேட்டாள். நடத்துநர் மேசைமேல் காசைப் பரப்பிக்கொண்டு, ஒரு விரலால் தள்ளித் தள்ளி, நெற்றி வியர்க்க வியர்க்க யோசித்தார். விடை கடைசியில் சரியாகத்தான் வரும். ஆனால் வருவதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிடும். சில நேரம் விரல் மூன்று காசைப் பிரித்து வைத்திருக்கும், வாய் வேறெதையோ சொல்லும்.

"அங்க போய் இப்படி உக்காந்து யோசிச்சீங்கன்னா, டாக்டர் சாப்பிடப் போயிடுவார்."

"போகட்டுமே. வந்து விடையை வாங்கிக்கட்டும்."

"விளையாடாதீங்க. யோசிக்கறதாலதான் தப்பு வருது. யோசிக்காதீங்க."

பிறகு கேள்விகளை எடுத்துவிட்டாள். கேள்வியைக் கேட்டதும் அவர் யோசிக்கத் தொடங்குகிறார், யோசித்தால் தடுமாறுகிறார். கேள்வியே இல்லாவிட்டால் தடுமாற்றம் இல்லை. அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. பாத்திரம் விளக்கிக்கொண்டே சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்.

"ஒண்ணு?"

"மூணு."

"ரெண்டு?"

"இருபத்தி மூணு."

"மூணு?"

"இருபத்தி ஒண்ணு. முக்கால். கால். போதுமா? பாத்திரத்தை உடைச்சிடாதே."

"ஒவ்வொண்ணாச் சொல்லணும். அவர் ஒண்ணு கேப்பார், நீங்க ஒண்ணு சொல்லணும். பஸ் நிக்கற மாதிரி, நின்னு நின்னு."

"கேள்வியையும் சொன்னா நல்லா இருக்கும்" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தார். "நான் போட்டுப் பாத்துக்கறேன்."

"போட்டுப் பாத்தது போதும். போன மாசம் கேஸ்காரர்கிட்ட என்ன சொன்னீங்க? எத்தனை சிலிண்டர்னு கேட்டதுக்கு நாப்பத்தி ரெண்டுன்னீங்க. அவர் என் மூஞ்சியைப் பாக்கறார்."

அவர் பிறகு கேட்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக அவளுடைய கணக்கில்தான் அந்த வீடு ஓடியிருக்கிறது. எது எப்போது தீரும், எதை எப்போது வாங்க வேண்டும் என்று அவள் சொல்லி ஒருமுறையும் பிசகியதில்லை. தம்முடைய தலையைவிட அவள் தலையை நம்புவது அவருக்குக் கஷ்டமாக இல்லை.

மார்ச் தொடக்கத்தில் இருவரும் கடைத்தெருவுக்குப் போனார்கள். ஆரஞ்சு கிலோ நாற்பது என்றார் கடைக்காரர். அவள் முக்கால் கிலோ நிறுக்கச் சொல்லிவிட்டு, பக்கத்துக் கூடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நடத்துநர் ஐம்பதை நீட்டினார். கடைக்காரர் ஒரு பத்தையும் ஓர் ஐந்தையும் அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினார். நடத்துநரின் கை மூடவில்லை. நீட்டியது நீட்டியபடியே இருந்தது.

"என்ன சார்?"

"இன்னும் அஞ்சு."

கடைக்காரர் ஒரு கணம் பார்த்துவிட்டு ஐந்தை எடுத்து வைத்தார். "ஆளு அசந்தா விடமாட்டீங்க போல."

"ஊருக்கே மீதி சில்லறையை இறங்கும்போது தரேன்னு சொன்ன ஆளுய்யா நான். என்கிட்டயேவா?"

அவள் கையில் வெங்காயத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். இரவு தம்பியிடம் அதைச் சொன்னாள். அவன் உற்சாகமாகிவிட்டான். "அப்ப மாமாவுக்குக் கணக்கு வந்துடுச்சு அக்கா. கேள்வியோடயே கேட்டுப் பாரேன்."

"அது கைப்பழக்கம்டா. டாக்டர் முன்னாடி கையா பேசும்? வாய்தான் பேசணும். நீ குழப்பாதே, இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு."

பதினேழாம் தேதி காலையில் மூவருமே கிளம்பினார்கள். நடத்துநர் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டார். போட வேண்டிய அவசியம் இல்லை என்று தம்பி சொன்னான். "வேலை கேக்கப் போறவன் வேலைக்காரன் மாதிரி போகணும்" என்றார். சட்டை தோளில் தொளதொளத்தது.

மருத்துவப் பிரிவின் படிக்கட்டில் பியூன் நின்றிருந்தார். டாக்டர் பத்தரைக்குத்தான் வருவார், உள்ளே போய் உட்காருங்கள் என்றார். அக்காவும் மாமாவும் மேலே போனதும் தம்பிக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு செய்த மனுஷனுக்கு ஒரு டீகூட வாங்கிக் கொடுக்கவில்லையே என்று பட்டது. எதிரே இருந்த டீக்கடைக்குக் கூப்பிட்டான். இரண்டு டீ, இரண்டு பன். குடித்து முடித்துத் தன்னிடம் இருந்த ஒரே ஐந்நூறு நோட்டை நீட்டினான்.

"காலங்காத்தால இதைக் கொண்டுவந்து நீட்டினா நான் எங்க போவேன்?" என்றார் டீக்கடைக்காரர். "கடையை வேணா எழுதித் தரவா?"

"இருங்க" என்று பியூன் தெருவைக் கடந்து மேலே போனார். டாக்டரின் மேசைமேல் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த சில்லறையை அப்படியே கையில் கொட்டிக்கொண்டு வந்து கடைக்காரரிடம் கொடுத்தார். "நோட்டை பெட்ரோல் பங்க்ல மாத்திட்டு, டாக்டர் வர்றதுக்குள்ள பெட்டியில போட்டுட்டா ஆச்சு."

டாக்டர் அன்று பத்து மணிக்கே வந்துவிட்டார்.

நல்ல மனிதர் அவர். சளி பிடித்திருந்தது, கைக்குட்டையைக் கையிலேயே வைத்திருந்தார். அறையில் ஓர் எடை பார்க்கும் இயந்திரம், சுவரில் கண் பரிசோதிக்கும் அட்டை, மேசையின் இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. சுவரோரமாக ஒரு ஸ்டூல். குடும்பத்தவர் ஒருவர் உடன் இருக்கலாம், ஆனால் பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது என்று சொல்லி அவளை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். அவள் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

டாக்டர் தகரப் பெட்டியைத் திறந்தார். காலியாக இருந்தது. பியூனைக் கூப்பிட்டார்.

"எங்கப்பா நாணயம்?"

மூச்சு வாங்க ஓடிவந்த பியூன், "அழுக்கா இருந்துச்சு சார், கழுவி வெச்சிருக்கேன். இதோ கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே ஓடினார்.

"சரி, அது வர்றதுக்குள்ள தாளை முடிச்சிடலாம்" என்றார் டாக்டர்.

பதினோரு வருடத்தில் அன்றுதான் வரிசை மாறியது.

ஒரு வெள்ளைத் தாளை இரண்டாக மடித்து, மறுபடி மடித்து, மடிப்பில் நான்காகக் கிழித்து மேசைமேல் வைத்தார். ஒரு துண்டை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். "முழுத் தாள்ல இப்ப மீதி எவ்வளவு?"

நடத்துநர் தாளைப் பார்த்தார். திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

"மூணு."

"மூணு துண்டு, சரி. முழுசுல அது எவ்வளவு பங்கு?"

"மூணு" என்றார் மறுபடி, கொஞ்சம் அழுத்தி.

டாக்டர் யோசித்துவிட்டு ஒரு குறுக்குக் கோடு போட்டார். கணக்கெல்லாம் காலும் அரையும்தான் என்றாலும், அரை மதிப்பெண் போட அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

"அரையில பாதி எவ்வளவு?"

"இருபத்தி மூணு."

டாக்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மனைவியின் விரல்கள் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்தன.

"சரி. முழு டிக்கெட் பதினாலு. ஒரு அம்மா, ஒரு குழந்தை. ஒரு முழு, ஒரு அரை. எவ்வளவு வாங்குவீங்க?"

"இருபத்தி ஒண்ணு."

மனப்பாடத்திலிருந்து சொன்னாரா, தொழிலிலிருந்து சொன்னாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. டாக்டர் சரி என்று குறித்தார். அப்போது பியூன் ஒரு கைப்பிடி நாணயங்களோடு வந்தார். டாக்டர் பன்னிரண்டை எண்ணி மேசைமேல் பரப்பினார்.

"இதுல கால்வாசி எத்தனை?"

நடத்துநரின் சுட்டுவிரல் நாணயங்களுக்குள் போனது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று மூன்றைத் தனியே தள்ளி நிறுத்தியது. பிறகு அவர் சொன்னார்:

"முக்கால்."

டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அவர் கையைப் பாருங்க!" என்றாள் அவள்.

"அம்மா, நீங்க பேசக் கூடாது."

"இல்ல டாக்டர், கையை ஒரு தடவை..."

டாக்டர் பார்த்தபோது பன்னிரண்டு நாணயங்களும் ஒரே அடுக்காக இருந்தன. அடுத்தவர் காசைக் கலைத்துப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க நடத்துநருக்கு வராது. ஐந்தாவதாக மூன்று ஐந்துகளையும் நான்கு இரண்டுகளையும் எடுத்து வைத்துக் கேட்டார். விடை கால் என்று வந்தது.

டாக்டர் பேனாவை மூடவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, மெதுவான குரலில், வழக்கமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"பதட்டப்படாதீங்க. ஒரு சின்னக் கேள்வி. எட்டுல பாதி எவ்வளவு?"

நடத்துநர் நாற்காலியில் முழுதாகத் திரும்பி மனைவியைப் பார்த்துக் கேட்டார்:

"இது ஆறாவது. ஆறாவது நீ சொல்லித் தரலையே?"

வாசலில் நின்ற பியூன் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"ஓ" என்றார் டாக்டர். பேனாவைக் கீழே வைத்தார். படிவத்தை மறுபடி மேலிருந்து கீழே படித்தார். மூன்று, இருபத்து மூன்று, இருபத்தொன்று, முக்கால், கால். வழக்கமான வரிசையில் கேட்டிருந்தால் ஐந்தும் சரி என்று அவருக்குப் புரிந்தது. கோபப்படவில்லை. "என் கேள்வியை யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்காங்க. வரிசையோட. இல்லையாம்மா?"

அவள் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

"பயப்படாதீங்க. கேள்வி வெளியே போயிருக்குன்னு நான் எழுதினா இந்த டெஸ்ட் செல்லாது. ஒரு மாசம் கழிச்சு வேற டாக்டர், வேற கேள்வி. இவருக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். எனக்கென்னவோ இவருக்குக் கணக்கு வரும்னுதான் தோணுது. ஆனா வெறுமனே எழுத முடியாது. யார் சொன்னாங்கன்னு பேர் வேணும்."

அவள் வாசலைப் பார்த்தாள். பியூன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சொன்னால் அவர் தம்பியைச் சொல்வார். தம்பி தற்காலிகம். ஒரே வரியில் அனுப்பிவிடுவார்கள், பிறகு எந்த விதியிலும் உள்ளே வர முடியாது. அடுத்த மாதம் வேறு டாக்டர் முன்னால் இந்த மனுஷர் மறுபடி ஒரு சொல் மாற்றிச் சொன்னால், வீட்டில் யாருக்கும் வேலை இருக்காது.

நடத்துநர் வாயைத் திறந்தார். அவள் எழுந்து வந்து அவர் தோளில் கையை வைத்து அழுத்தினாள்.

"யாரும் சொல்லலை டாக்டர். அங்க இங்க பேசிக்கிட்டதைக் கேட்டு நானா சொல்லிக் கொடுத்தேன்."

"நீங்களா கொடுத்தா அது பயிற்சி. அதுக்குத் தடை இல்லை." டாக்டர் அவளை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப இந்த டெஸ்ட் செல்லும்மா."

"செல்லட்டும்" என்றாள்.

அவர் கையெழுத்துப் போட்டார்.

தம்பி கீழே படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தான். பியூன் அவனைத் தனியே கூப்பிட்டு, டீக்காசு போக மீதியைக் கொடுத்து, பெட்டி காலியாக இருந்ததால் வரிசை மாறிப்போனதைக் காதோடு சொன்னார். அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் காசில் ஒருவருக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தான். "நீங்க போங்க அக்கா, நான் அப்புறம் வரேன்" என்றான்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. இருவரும் கம்பத்தின் மெல்லிய நிழலில் முன்னும் பின்னுமாக நின்றார்கள்.

"ஏன் சொல்லலை?" என்றார் நடத்துநர்.

"சொல்லியிருந்தா அவன் வேலையும் போயிருக்கும். அடுத்த மாசம் நீங்க பாஸாவீங்கன்னு என்ன நிச்சயம்?"

"ரெண்டு பேருக்கு வேலை இருந்தது. ரெண்டும் போயிடுமோன்னு பயந்து ஒண்ணைக் காப்பாத்தினே."

"ஆமா."

"அப்ப பாதி."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் குத்தல் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தவரின் முகம்தான்.

"இதை அங்க சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"அங்க யோசிக்கக் கூடாதுன்னு சொன்னியே."

பஸ் வந்தது. ஊழியர் அட்டையை அவர் எடுப்பதற்குள் அவள் காசை நீட்டி இரண்டு முழு டிக்கெட் வாங்கினாள்.

ஏப்ரல் இறுதியில் விடுவிப்பு ஆணை வந்தது. ஜூன் முதல் தேதி தம்பி நடத்துநராக வேலையில் சேர்ந்தான். பழைய பையின் தோல்பட்டை அவனுக்கு முழங்கால்வரை தொங்கியது. மாமாவே செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோய் ஒரு சாண் வெட்டித் தைத்து வாங்கி வந்தார். வீடு வேலையில் இருப்பவர் பெயருக்கு மாற வேண்டும் என்பதால் பெயின்டர் ஒருவர் வந்து வாசல் தகட்டைச் சுரண்டி, தம்பியின் பெயரையும் புதிய பணி எண்ணையும் எழுதிவிட்டுப் போனார். விடியற்காலை டியூட்டி என்பதால் உள்ளறையில் தம்பி படுத்தான். அக்காவும் மாமாவும் முன்னறைக்கு வந்தார்கள். யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்தவன் களைப்பில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். சட்டென்று எழுந்தான். "உக்காருடா, நின்னு நின்னு வந்திருக்கே" என்றார் மாமா. அக்கா அவனுக்குத்தான் முதலில் தட்டு வைத்தாள்.

அரை டிக்கெட் என்று அதற்குப் பிறகு அவனை யாரும் கூப்பிடவில்லை.

முதல் வாரத்தில் அவன் கணக்கில் மூன்று நாள் பணம் குறைந்தது. அதிலிருந்து மாலை ஐந்து மணிக்கு மாமா பணிமனை வாசலுக்குப் போய், வெளியே போட்டிருக்கும் பெஞ்சில் உட்காருகிறார். தம்பி பையை அவர் மடியில் கவிழ்க்கிறான். முழு எத்தனை, அரை எத்தனை என்று அவன் சொல்ல, அவர் விரலால் காசைப் பிரித்து அடுக்கி, மொத்தத்தை வாயால் சொல்கிறார். அவன் அதை எழுதிக்கொண்டு உள்ளே போகிறான். ஜூன் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு அவன் கணக்கில் குறைவு வந்ததில்லை என்று காசாளர் சொல்கிறார்.